ஜிஎஸ்வி வரியிலிருந்து தொடங்குங்கள்

ஜிபிஎஸ் மாட்யூல் பார்வைக்குப் பரம சாது. நாலே கம்பி: மின்சாரத்துக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று, அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. வெப்பநிலை சென்சாரையும் ப்ளூடூத் மாட்யூலையும் இணைத்துப் பழகிய கை இதையும் அதே வரிசையில் வைத்துவிடுகிறது. அதனால் ஃபிக்ஸ், அதாவது இடக் கணிப்பு, கிடைக்கவில்லை என்றதும் முதலில் நிரலைத் திறக்கிறோம். லைப்ரரியை மாற்றிப் பார்க்கிறோம், பாட் ரேட்டை மாற்றிப் பார்க்கிறோம், கடைசியில் மாட்யூலையே மாற்றுகிறோம். இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். ஜிபிஎஸ் மாட்யூல் அடிப்படையில் ஒரு ரேடியோ. அதன் சீரியல் வாய், அந்த ரேடியோ கேட்டதை வெளியே சொல்லும் வழி மட்டுமே. ஆகவே பழுது தேடுகிறவர், தான் எங்கே இருப்பதாக அது சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு செயற்கைக்கோளும் அதன் காதில் எவ்வளவு பலமாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு ஜிஎஸ்வி என்று தொடங்கும் வரிகளில் நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலான லைப்ரரிகள் அதைப் படிக்காமல் தூக்கி எறிகின்றன.

ரேடியோ பக்கத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்குச் சில எண்கள் போதும். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. எல்1 அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸில் அவை அனுப்பும் சிக்னல், தரையை அடையும்போது குறைந்தது −128.5 டிபிஎம் இருக்கும் என்பதே அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் ஆவணம் தரும் உறுதி. வாட்டில் சொன்னால், ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துணுக்கை மறுபடி நூறாகப் பிரித்தால் கிடைக்கும் அளவு. அறை வெப்பநிலையில் எந்த ரெசிஸ்டரும் சும்மா இருந்தபடியே எழுப்பும் வெப்ப இரைச்சல், 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் −111 டிபிஎம். ஆக, நமக்கு வேண்டிய சிக்னல் இயற்கையான இரைச்சலிலேயே ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே கிடக்கிறது. ஆன்டெனாவை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் செருகினால் திரையில் ஒன்றும் தெரியாது. 1023 துண்டுகள் கொண்ட ஒரு குறியீடு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதால்தான், ரிசீவர் அதே குறியீட்டைத் தானும் உருவாக்கி, பொருத்தி, கூட்டிக்கொண்டே போய் சிக்னலை மீட்கிறது. இவ்வளவு மெலிந்த சிக்னலுக்குப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நாம் ஒரு பக் கன்வெர்ட்டரையும் ஒரு ஜிஎஸ்எம் மோடத்தையும் வைக்கிறோம்.

ஜிஎஸ்வி வரியில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் நான்கு எண்கள் வரும்: அதன் அடையாள எண், அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரம், வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திசை, கடைசியாகச் சிக்னல் பலம். இந்த நான்காவது எண்ணின் அலகு டிபி-ஹெர்ட்ஸ். சி/என்0 என்று பெயர். திறந்த வானில், நல்ல ஆன்டெனாவில், தலைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் 40-லிருந்து 50 வரை காட்ட வேண்டும். −128.5-க்கும், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சலான −174-க்கும் உள்ள வித்தியாசம் 45.5. ஆன்டெனா கொஞ்சம் கூட்டும், ரிசீவர் கொஞ்சம் குறைக்கும். அதனால் இந்த எண் எந்த நிறுவனத்தின் மாட்யூலானாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். திறந்த மொட்டை மாடியில் உங்கள் கருவி 30 காட்டுகிறது என்றால், எங்கோ பத்துப் பதினைந்து டெசிபல் ஒழுகிப் போகிறது. நிரலை எவ்வளவு செப்பனிட்டாலும் அது திரும்பி வராது.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'மாட்யூலின் டேட்டாஷீட்டில் −161 டிபிஎம் வரை கேட்கும் என்று போட்டிருக்கிறதே, முப்பது டெசிபலுக்கு மேல் கையிருப்பு இருக்கும்போது பத்து போனால் என்ன?' யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் நியோ-6எம் டேட்டாஷீட்டையே எடுத்துக்கொள்வோம். −161 என்பது ஏற்கெனவே பிடித்துவிட்ட செயற்கைக்கோளை விடாமல் தொடர்வதற்கான எல்லை. எதுவும் தெரியாத நிலையில், புதிதாக ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்கு அதே டேட்டாஷீட் −147 தான் சொல்கிறது. கையிருப்பில் பதினான்கு டெசிபல் அங்கேயே போய்விட்டது. மேலும், பிடித்தால் மட்டும் போதாது. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில் ஓதுகிறது. 30 நொடிச் சுற்றில் 18 நொடி அந்த விவரத்துக்கே போகிறது. நடுவில் ஒரு சொல் பிழையானால் அந்தப் பகுதிக்காக அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். பலம் குறைந்த சிக்னலில் இந்தப் பிழைகள் பெருகும். 27 நொடியில் கிடைக்க வேண்டிய ஃபிக்ஸ் ஐந்து நிமிடம் ஆவதும், மேசையில் வேலை செய்த கருவி டாஷ்போர்டுக்குள் போனதும் ஊமையாவதும் இதனால்தான். டேட்டாஷீட்டின் எண்களும் சுற்றிலும் வேறு இரைச்சலே இல்லாத நிலைக்கு உரியவை. உங்கள் போர்டு அப்படிப்பட்ட இடமல்ல.

இன்னொரு மறுப்பில் நியாயம் இருக்கிறது: எதுவுமே வரவில்லை என்றால் ஜிஎஸ்வியை எப்படிப் பார்ப்பது? சரிதான். சீரியலில் ஓர் எழுத்தும் வராவிட்டால், அது முதலில் தீர வேண்டிய கம்பிப் பிரச்சினை. மாட்யூலின் டிஎக்ஸ், கன்ட்ரோலரின் ஆர்எக்ஸுக்குப் போகிறதா, பாட் ரேட் 9600 தானா, 5 வோல்ட் கன்ட்ரோலரின் வெளியீடு 3.3 வோல்ட் மாட்யூலுக்குள் நேராகப் போகிறதா என்று பார்த்தால் முடிந்தது. வானம் தெரியாவிட்டாலும் மாட்யூல் வெறும் காற்புள்ளிகளாக வரிகளை அனுப்பும். காற்புள்ளி வரத் தொடங்கிய கணமே சீரியலின் குற்றம் நீங்கிவிட்டது. அதற்கு மேல் அங்கே நேரம் செலவழிக்கக் கூடாது.

அடுத்த கேள்வி, ரேடியோ பழுதைத் தேட விலையுயர்ந்த கருவிகள் வேண்டாமா என்பது. வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் ரிசீவரைவிட இந்த அலைவரிசைக்குக் கூர்மையான அளவுகோல் எந்தச் சிறு பட்டறையிலும் இருக்காது. முறை இதுதான். மாட்யூலை மட்டும் தனியாக, பேட்டரியில் ஓடவிட்டு, திறந்த வெளியில் வைத்து, 45 டிகிரிக்கு மேல் நிற்கும் மூன்று நான்கு செயற்கைக்கோள்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே அதே இடத்தில் உங்கள் முழுக் கருவியை வைத்து, மற்ற எல்லாப் பகுதிகளையும் ரீசெட்டில் பிடித்தபடி மறுபடி குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக உயிர்கொடுங்கள்: பக் கன்வெர்ட்டர், திரை, மெமரி கார்டு, மோடம், கேமரா. எதை இயக்கும்போது எண் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டு டெசிபல் ஏற்ற இறக்கம் இயல்பு, ஐந்து டெசிபல் செய்தி. இந்த ஒப்பீட்டை ஒரே மணிநேரத்துக்குள் முடிப்பது முக்கியம், ஏனென்றால் செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. யூ-பிளாக்ஸின் யூ-சென்டர் மென்பொருள் இவற்றைப் பட்டைகளாக வரைந்து காட்டும். சீரியல் மானிட்டரில் வெறும் வரிகளைப் பார்த்தாலும் வேலை நடக்கும்.

விழும் விதத்திலும் விடை இருக்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவு விழுந்தால், வானத்தில் எதுவும் மாறவில்லை. உங்கள் போர்டில் இரைச்சல் தரை உயர்ந்திருக்கிறது, அல்லது ஆன்டெனாவிலிருந்து வரும் பாதையில் இழப்பு. அடிவானத்துக்கு அருகே உள்ளவை மட்டும் மெலிந்தால் ஆன்டெனாவின் பார்வை குறுகியிருக்கிறது. ஒரு திசையில் உள்ளவை மட்டும் காணாமல் போனால் அந்தப் பக்கம் பேட்டரியோ உலோகத் தகடோ சுவரோ மறைக்கிறது. ஜிஎஸ்வியின் திசை எண்ணைப் பார்த்தால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். மோடம் தகவல் அனுப்பும்போதெல்லாம் ஃபிக்ஸ் போய், ஜிபிடிஎக்ஸ்டி என்று தொடங்கும் வரிகள் புதிதாக வந்தால், அவை யூ-பிளாக்ஸ் மாட்யூல் உயிர்பெறும்போது சொல்லும் முதல் வார்த்தைகள். இது இரைச்சல் அல்ல, மின்வழங்கல். ஜிஎஸ்எம் மோடம் அனுப்பும் துடிப்பின்போது 2 ஆம்பியர் வரை இழுக்கிறது. அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து ஜிபிஎஸ் ரீசெட் ஆகிறது. இதற்கு மருந்து மோடத்தின் காலடியில் பெரிய கெபாசிட்டரும், ஜிபிஎஸ்ஸுக்குத் தனி எல்டிஓவும்தான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பல சமயம் பெருக்கல் வாய்ப்பாடே சொல்லிவிடும். ஈதர்நெட் சிப்புகளுக்கு 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வைப்பது வழக்கம். இருபத்தைந்தை அறுபத்துமூன்றால் பெருக்கினால் 1575. நமக்கு வேண்டிய 1575.42-க்கு அரை மெகாஹெர்ட்ஸ்கூடத் தள்ளி இல்லை. பல எஸ்டிஎம்32 போர்டுகளில் உள்ள 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் 197-ஆவது மடங்கு 1576; அதுவும் பட்டைக்குள்தான். 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டின் ஐந்தாம் மடங்கு 1575. மாறாக 16 மெகாஹெர்ட்ஸின் மடங்குகள் 1568-இலும் 1584-இலும் விழுந்து நமக்கு வழிவிடுகின்றன. அறுபத்துமூன்றாவது மடங்கில் என்ன சக்தி இருக்கப்போகிறது என்று தோன்றலாம். நாம் ஒப்பிடுவது −128.5 டிபிஎம்முடன் என்பதை நினைவில் வைத்தால் அந்தச் சந்தேகம் தீரும். கூரிய விளிம்புள்ள க்ளாக் சிக்னல் ஒரு நீளமான ரிப்பன் கேபிளில் ஏறினால் கேபிளே ஆன்டெனா ஆகிவிடுகிறது. கிரிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பது இலவசம். போர்டு அச்சாகி வந்த பிறகு அதே பிரச்சினைக்கு உலோக மூடி, ஃபெரைட், டிசைன் மாற்றம் என்று செலவு ஏறும்.

பட்டைக்கு வெளியே இருக்கும் பலமான சிக்னலும் கெடுக்கும் என்பதற்குப் பொதுவாழ்விலேயே பெரிய சாட்சி உண்டு. அமெரிக்காவில் லைட்ஸ்குவேர்டு என்ற நிறுவனம் 1525 முதல் 1559 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் தரைக் கோபுரங்களை நிறுவ 2011 ஜனவரியில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. ஜிபிஎஸ் பட்டைக்குள் அது ஒரு மில்லிவாட்டும் அனுப்பத் திட்டமிடவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு நடந்த சோதனைகளில் ஏராளமான ரிசீவர்கள் திணறின. 2012 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதியை நிறுத்தும் நடவடிக்கையில் இறங்கியது. பக்கத்துப் பட்டையில் உள்ள கோபுரமே இப்படிச் செய்யும் என்றால், உங்கள் பெட்டிக்குள்ளேயே 2 வாட் வரை உமிழும் மோடம் ஆன்டெனா எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். பெட்டியின் எதிரெதிர் மூலைகள் என்பதே குறைந்தபட்ச மரியாதை. ஆன்டெனாவுக்குப் பிறகு, பட்டைக்கு வெளியே உள்ளதை வடிகட்டும் சா ஃபில்டர் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

'இவ்வளவு தலைவலி எதற்கு, 28 டெசிபல் ஆக்டிவ் ஆன்டெனா ஒன்றை வாங்கி மாட்டினால் தீர்ந்தது' என்பது கடைவீதியில் அதிகம் கேட்கும் ஆலோசனை. அது பல சமயம் பலிக்கிறது; ஆனால் சொல்லப்படும் காரணத்தால் அல்ல. பெருக்கி சிக்னலைப் பெருக்கும்போது, ஆன்டெனா வரை வந்துவிட்ட இரைச்சலையும் அதே அளவு பெருக்குகிறது. சி/என்0 என்பது ஒரு விகிதம், பெருக்கத்தால் உயராது. ஆக்டிவ் ஆன்டெனா தரும் உண்மையான நன்மைகள் இரண்டு. கேபிள் நீளம் உள்ளதால் அது போர்டின் இரைச்சலிலிருந்து தள்ளிப் போய் வானத்தைப் பார்க்கும் இடத்தில் உட்காருகிறது. அடுத்து, மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கும் மேல் விழுங்குவதை, முன்னாலேயே இருக்கும் குறைந்த இரைச்சல் பெருக்கி ஈடுகட்டுகிறது. ஆன்டெனாவை போர்டின் மேலேயே ஒட்டிவைத்துவிட்டு 28 டெசிபல் பெருக்கம் கேட்பதில் பொருளில்லை. அதிகப் பெருக்கம் ரிசீவரின் முன்பகுதியைத் திணறடிக்கவும் கூடும். இன்னொன்று: ஆக்டிவ் ஆன்டெனாவுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரம் போக வேண்டும். மாட்யூலின் ஆர்எஃப் காலில் அதற்கான இன்டக்டரைப் போட மறந்த போர்டுகளில், பெருக்கி செத்த நிலையில் சுவராக நிற்கும். கனெக்டரின் நடுமுனையில் மல்டிமீட்டரை வைத்து 3 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

பாசிவ் செராமிக் பேட்ச் ஆன்டெனாவில் கெடுவது பெரும்பாலும் அடித்தளத்தில். 25 மில்லிமீட்டர் சதுரப் பேட்ச், தனக்குக் கீழே 50 முதல் 70 மில்லிமீட்டர் சதுரத்துக்குத் துண்டுபடாத கிரவுண்ட் பிளேன் இருக்கும் என்ற கணக்கில் வேலை செய்கிறது. தீப்பெட்டி அளவு போர்டின் ஓரத்தில் அதை ஒட்டினால் சுருதி விலகும், பார்வையும் கோணும். மேலே பிளாஸ்டிக் மூடி ஒட்டினாற்போல் வந்தால் சுருதி கீழே இறங்கும். அதனால் மூடியுடன் சோதிக்காத பலன் செல்லாது. இடம் மிச்சம் பிடிக்க 10 மில்லிமீட்டர் பேட்சுக்குப் போகிறவர்கள், பட்டை அகலமும் சேர்ந்து சுருங்குகிறது என்பதை ஏற்றுக்கொண்டே போக வேண்டும். மாட்யூலிலிருந்து ஆன்டெனா வரை 50 ஓம் பாதை வேண்டும் என்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பாதை 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அகலத்தில் நேரும் சிறு பிழை பெரிதாகப் பாதிக்காது. அடியில் கிரவுண்ட் அறுபடாமல் இருப்பதே அதைவிட முக்கியம். இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் சிக்னலும் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 மே 29-இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01-க்கு முந்தைய இஸ்ரோ செயற்கைக்கோள்கள் எல்1-இல் பேசுவதில்லை, 1176.45 மெகாஹெர்ட்ஸ் எல்5-இலும் எஸ் பட்டையிலும்தான் பேசுகின்றன. எல்1-க்கு மட்டும் சுருதி கூட்டிய பேட்சை வைத்துவிட்டு, நாவிக் சிப் வாங்கியும் ஒன்றும் தெரியவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

எல்லாப் பழுதும் ரேடியோவில்தான் என்று இந்த வாதத்தை நீட்டினால் அது பொய்யாகும். ஆனால் எண் 40-க்கு மேல் நிற்கிறது, இடம் மட்டும் தப்பு என்று தெரிந்துவிட்டால், அப்போது நிரலைத் திறப்பதில் நம்பிக்கையுடன் இறங்கலாம். அங்கே காத்திருக்கும் பிழைகளும் அடையாளம் தெரிந்தவைதான். ஜிஎஸ்வி உட்பட மாட்யூல் அனுப்பும் இந்த வரிகளின் வடிவத்துக்கு என்எம்இஏ என்று பெயர். அதில் அட்சரேகை டிகிரியும் நிமிடமும் ஒட்டியபடி வரும். சென்னையின் 13.0827 டிகிரி, 1304.962 என்று வரும், 80.2707 டிகிரி தீர்க்கரேகை 8016.242 என்று வரும். இவற்றை நூறால் வகுத்து அப்படியே டிகிரியாக எடுத்துக்கொண்டால், நகரின் நடுவில் நிற்கும் கருவி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போரூர்ப் பக்கம் போய் நிற்கும். பிழை ஊருக்கு ஊர் வேறு அளவில் மாறுவதால், ஏதோ சிக்னல் கோளாறு போலவே தோன்றும். ஆர்டுயினோ ஊனோவில் டபுள் என்று எழுதினாலும் நான்கு பைட்தான். 80 டிகிரியை அதில் வைத்தால் கடைசி இலக்கமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமன். டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி 32 பிட் முழு எண்ணாக வைப்பது நல்லது. வரிகள் பாதியில் அறுந்து வந்தால் பஃபரைப் பாருங்கள். சாஃப்ட்வேர் சீரியலின் பஃபர் 64 பைட், ஒரு என்எம்இஏ வரியே 82 எழுத்து வரை போகலாம். லூப்பில் ஒரு நொடி டிலே போட்டவருக்கு முழு வரி கிடைக்க வாய்ப்பில்லை. 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும் என்பதால், வேகத்தை ஏற்றாமல் நொடிக்கு ஐந்து முறை இடம் கேட்பதும் இதே வகைப் பிழை.

உயரக் கணக்கில் நம் பகுதிக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. ஜிபிஎஸ் அடிப்படையில் அளப்பது ஒரு கணித நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல் மட்டம் அதிலிருந்து விலகி நிற்கிறது, உலகிலேயே மிக அதிகமாகக் கீழே விலகியிருப்பது இலங்கைக்குத் தெற்கே, 106 மீட்டர் அளவுக்கு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்த வித்தியாசம் 90 மீட்டரை ஒட்டி இருக்கும். ஆகவே திருத்தாத உயரத்தைக் காட்டும் கருவி, கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கடியில் எண்பது தொண்ணூறு மீட்டரில் காட்டும். மாட்யூல் பழுதில்லை, இடத்தையும் உயரத்தையும் சொல்லும் ஜிஜிஏ வரியில் கடல் மட்ட உயரத்துக்கு அடுத்து அந்த வித்தியாசமும் தனியாகவே வருகிறது. நேரத்திலும் இதுபோல இரண்டு உண்டு. தேதி பத்தொன்பது ஆண்டு பின்னால் போனால், அது 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியாகும் வார எண். கடைசியாக 2019 ஏப்ரலில் சுழியானது, பழைய ஃபர்ம்வேர்கள் அதில் மாட்டிக்கொள்கின்றன. 2017 முதல் ஜிபிஎஸ் நேரம் உலகப் பொதுநேரத்துக்கு 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்தத் திருத்தத்தைச் செயற்கைக்கோள் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் முழுதாக ஒலிபரப்புகிறது. இயக்கிய முதல் சில நிமிடங்களில் நேரம் சில நொடி தாவினால் பதற வேண்டாம்.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்கிறது என்ற குறைக்கு, பேக்கப் பின்னைப் பாருங்கள். அதில் மின்சாரம் இருந்தால் மாட்யூல் கடிகாரத்தையும் செயற்கைக்கோள் பாதைகளையும் நினைவில் வைத்திருக்கும். அந்த விவரம் ஏறத்தாழ நான்கு மணிநேரம் செல்லும். மலிவான போர்டுகளில் வரும் சிறு பேட்டரி கடை அலமாரியிலேயே செத்திருப்பது சகஜம்.

ஃபிக்ஸ் உறுதியாக இருந்தும், நின்ற இடத்தில் புள்ளி அலைகிறது என்பது பழுதுப் பட்டியலில் வரக் கூடாத புகார். 2.5 மீட்டர் துல்லியம் என்று டேட்டாஷீட் சொல்வது ஐம்பது சதவீதக் கணக்கு. பாதி அளவீடுகள் அந்த வட்டத்துக்கு வெளியேதான் விழும். சுவர்களில் பட்டுத் திரும்பும் சிக்னலால் நகரத் தெருவில் வட்டம் இன்னும் விரியும். வாகனக் கருவியில் இதன் விளைவு, இரவெல்லாம் ஷெட்டில் நின்ற வண்டி காலையில் சில கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்குக் காட்டுவது. வேகம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்போது தூரத்தைக் கூட்டாதீர்கள். இக்னிஷன் கம்பி கருவிக்குள் வருகிறதென்றால், அது அணைந்திருக்கும் வரை கடைசி இடத்தையே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.